ஐந்து மணி வரைக்கும் அணைத்து வைத்த போன்

எங்கள் ஹாக்கி லீக்கில் ஒரு விதி உண்டு. அதை எழுதின மகராசன் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

லீக் பாதி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் கிளப் மாறிக்கொள்ள இரண்டு நாள் தருவார்கள். ஃபாரத்தில் ஆட்டக்காரன், பழைய கிளப், புது கிளப் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு சங்க ஆபீசில் கொடுக்க வேண்டும். இதுவரைக்கும் சரி. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் ஆட்டக்காரன் மனசு மாறலாம். கடைசியாக எந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டானோ அதுதான் செல்லும். அதாவது, செவ்வாய்க்கிழமை நம்மிடம் பல்லை இளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவன், புதன்கிழமை நாலே முக்காலுக்கு வேறொருத்தன் சட்டையில் நிற்கலாம். கேட்க ஆள் கிடையாது.

அதனால் கிளப்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆளை ஒளித்து வைப்பார்கள். யாராவது ஒருத்தர் வீட்டு மாடியில் உட்காரவைத்து, நல்ல சாப்பாடு போட்டு, டிவி போட்டுவிட்டு, போனை வாங்கி அணைத்து வைத்துவிடுவார்கள். ஐந்து மணி அடித்ததும் போனைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குப் ‘பத்திரம் பண்றது’ என்று பெயர். எல்லா கிளப்பும் செய்கிறதுதான். ஆட்டக்காரர்களும் சிரித்துக்கொண்டே வந்து இருப்பார்கள், ஒரு நாள் ராஜ உபசாரம் கிடைக்கிறதே என்று.

நான் ராயபுரத்தில் எங்கள் கிளப்புக்குச் செயலாளர். பிழைப்புக்கு ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குப்பை கொட்டுகிறேன். காகிதத்தில் எனக்குத் தப்பு வராது, வேண்டுமானால் ஹார்பர் கேட்டில் கேட்டுப் பாருங்கள். மனுஷர்கள் விஷயத்தில்தான் வந்தது.

அந்த வருஷம் பாதி லீக் முடிந்தபோது நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். முதல் இரண்டு டீம் மேல் டிவிஷனுக்கு ஏறும். எத்தனையோ வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு பார்த்த இடம் அது. சரியாக அந்த நேரம் பார்த்து, வலது ஓரம் ஓடுகிறவன் வெல்டிங் வேலை கிடைத்தது என்று துபாய்க்குக் கிளம்பிவிட்டான். நடுவில் ஆடுகிறவனுக்கு முட்டி போய்விட்டது. அடிபட்டவன் பெயரைப் பாதியில் எடுக்க முடியாது, டீம் பட்டியலில் காலியாக இருந்ததோ துபாய்க்காரன் விட்டுப்போன ஒரே ஒரு இடம். இரண்டு ஓட்டையை ஒரே ஆளை வைத்து அடைக்க வேண்டும்.

எங்கள் தலைவருக்கு நாலு டிரெய்லர் லாரி ஓடுகிறது. அதனாலேயே அவர் சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. “பெங்களூர்ல ஒருத்தன் கீறான். கோலா அடிச்சித் தள்றான். அவன இட்டாந்துடலாம்,” என்றார். கமிட்டியில் இருந்த அத்தனை தலையும் ஆடியது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கோல் அடிக்கிறவனை வைத்து என்ன செய்ய? பந்தை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன்தான் துபாய்க்குப் போய்விட்டானே! ஒரே இடத்தில் நின்று கோல் அடிக்கிற ஸ்டார் எங்களுக்கு வேண்டாம். எங்கே நிறுத்தினாலும் ஆடுகிற ஆள் வேண்டும். கரடியாகக் கத்தினேன். மூன்று கமிட்டிக் கூட்டம் கத்தினேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் இடது கைக்காரன் இடது கையால் அடித்துக்கொள்ளலாம். ஹாக்கியில் அந்தக் கதையே கிடையாது. எல்லா மட்டையும் வலது கைக்குச் செய்ததுதான். வலது ஓரத்தில் ஓடுகிறவனுக்கு அது வசதி. இடது ஓரத்தில் ஓடுகிறவன் மட்டையைத் திருப்பிப் போட்டு, பந்தைக் குறுக்கே இழுத்து ஆட வேண்டும். ஒரு ஓரம் பழகினவனை மறு ஓரத்தில் நிறுத்தினால் தெருவைத் தொலைத்தவன் மாதிரி முழிப்பான். இரண்டு ஓரமும் ஆடி, நடுவிலும் ஆடி, தேவைப்பட்டால் பின்னால் இறங்கித் தடுக்கவும் செய்கிற ஒருத்தன் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அப்படி ஒருத்தன் எண்ணூரில் இருந்தான். பட்டியலில் கடைசியில் கிடந்த ஒரு டீமில் ஆடிக்கொண்டிருந்தான். அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, நிலக்கரி போகிற பெல்ட் பக்கம். ஆட்டத்துக்கு முன்னால் முகம் கழுவிவிட்டுத்தான் வருவான், ஆனாலும் காது மடிப்பில் கரி இருக்கும். அப்பா அம்மா இல்லை. ஒரே ஒரு அக்கா, தண்டையார்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகிறாள். தம்பிக்காகவே கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தவள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது அவன் கால் ஓட்டத்தை மட்டும்தான்.

ஒருவழியாகக் கமிட்டி மசிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவனுடைய பழைய கிளப்பில் கையெழுத்து வாங்கப் போனேன். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீடு அகலம். பைக் புகக்கூட சந்து இல்லை. புழுதியும் டீசல் புகையும் சேர்ந்து தொண்டைக்குள் போனது. அதில் இரண்டு லாரி எங்கள் தலைவருடையது. நான் அவரை அங்கேயே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

எப்படியோ அல்லாடிக் கையெழுத்து வாங்கி, அவனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு சங்க ஆபீசில் ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு, நேராக என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். புளியந்தோப்பு டீமும் அவனுக்கு வலை வீசுகிறது என்று எனக்குத் தகவல் வந்திருந்தது. மூன்றாவது இடத்தில் இருந்தார்கள் அவர்கள். போன வருஷம் இதே போல ஒருத்தனைப் பத்திரம் பண்ணி வைத்திருந்தோம். கடைசி நாள் மத்தியானம் ஒரு பொம்பளை அழுதுகொண்டே வந்தாள். “நான் அவன் சித்தி, அவன் அப்பாவ ஆஸ்பத்திரில சேத்துகிறாங்க,” என்றாள். நானும் பதறிப்போய் அனுப்பி வைத்தேன். தெரு முனையில் ஆட்டோ நின்றிருக்கிறது. ஐந்து மணிக்கு அவன் புளியந்தோப்பு ஆட்டக்காரன். அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். கமிட்டியில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை நான் உஷாராக இருந்தேன். அவன் போனை நானே வாங்கி, நானே அணைத்து, பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

“இன்னாண்ணே, ஜெயிலு மாதிரி கீதே,” என்று சிரித்தான்.

“ஒரு நாளு பொறுத்துக்கோபா. நாளைக்கு அஞ்சு மணிக்கு நீ ராஜா,” என்றேன்.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். அவன் மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். முகமெல்லாம் வேர்வை, முந்தானையில் புழுதி. செருப்பைக் கழற்றாமல் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றாள்.

“அண்ணே, எந்தம்பி இங்கதான கீறான்? நான் அவன் அக்கா. எண்ணூர்லேர்ந்து வரேன்.”

எனக்குப் பொறி தட்டியது. போன வருஷம் சித்தி, இந்த வருஷம் அக்கா.

“இன்னாமா விஷயம்?”

“காலைல மணலிலேர்ந்து ஒரு பெரிய கம்பெனி கோச்சு வூட்டுக்கே வந்துகினாருண்ணே. அவுங்க டீமுல ஒருத்தருக்கு அடிபட்டுடுச்சாம். எல்லா எடத்துலயும் ஆடறவனா ஒருத்தன் வேணுமாம், எந்தம்பி ஆட்டத்தப் பாத்துகிறாராம். இன்னிக்கு ரெண்டு மணிக்கு மணலி கிரவுண்டுல டிரையலு. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலையே போட்டுத் தராங்களாம்ணே. பர்மனென்ட் வேலை. போன் அடிச்சி அடிச்சிப் பாத்தேன், சுச்சாஃப்னு வருது. சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துகினு வந்துகிறேன்.”

கையில் ஒரு துணிக்கடைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“அவன் இங்க இல்லையேமா. காலைலயே புழல் பக்கம் ஒரு வூட்டுக்கு மாத்திட்டோம். எந்த வூடுன்னு எங்க தலைவருக்குத்தான் தெரியும்.”

அவள் முகம் சுருங்கியது. மேலே மாடியைப் பார்த்தாள். டிவி சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என் பிள்ளைகள் என்று நினைத்திருப்பாள்.

“அப்ப தலைவரு நம்பராவது குடுங்கண்ணே.”

“அவரு எடுக்க மாட்டாரும்மா. நானே தகவல் சொல்லி அனுப்பறேன். நீ கவலப்படாத, வூட்டுக்குப் போ.”

“நீங்க சொல்லிடுவீங்கள்ல?”

“சொல்லிடறேன்.”

“சரிண்ணே. நீங்க சொன்னா சரி,” என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். என் மனைவி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனாள்.

தெரு முனை வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தாள், பாதி தூரம் ஓடினாள்.

வீட்டுக்குத் திரும்பினால் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். “யோவ், அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற மாதிரியா கீது? அந்த மூக்கப் பாத்தியா? அப்டியே மேல கீறவன் மூக்கு.”

“உனுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு,” என்றேன்.

தலைவருக்குப் போன் போட்டேன். “டிராமா! புளியந்தோப்பு டிராமா! வுட்ட, அவ்ளோதான்,” என்று கத்தினார். அவர் கத்தியது எனக்குத் தெம்பாக இருந்தது. அவரிடம் ஒரு விஷயம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது நிஜமாக இருந்தால்?

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான். அது நிஜமாக இருக்கும் என்று எனக்குப் பாதிக்கு மேல் தெரியும். ஆட்டோ இல்லை என்று பார்த்தபோதே தெரியும். ஆனால் நிஜமாக இருந்தாலும் எங்களுக்கு அவன் போய்விடுவான். மணலிக்காரன் டிரையலில் எடுத்தால் ஐந்து மணிக்குள் அவன் பெயரைத் தன் டீமில் பதிந்துகொள்வான். பொய்யாக இருந்தால் புளியந்தோப்புக்குப் போவான், நிஜமாக இருந்தால் மணலிக்குப் போவான். எப்படிப் பார்த்தாலும் என் டீமில் ஓட்டை அப்படியே இருக்கும். ஆகவே அது பொய்யாக இருப்பதுதான் எனக்கு வசதி. பொய் என்றே வைத்துக்கொண்டேன். சீ!

பன்னிரண்டரைக்கு அவன் சாப்பிட இறங்கி வந்தான். வஞ்சிர மீன் வறுவல், குழம்பு. மனைவி பரிமாறிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். என் முகத்தையே பார்த்தாள். பைக்கை எடுத்தால் சந்து பொந்தில் புகுந்து முக்கால் மணியில் மணலி போய்விடலாம். எனக்கு அந்தக் கணக்கு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

“உங்கூட்டு மீனு சூப்பரு அண்ணி,” என்று அவன் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். பிறகு என்னிடம், “மேல் டிவிஷன் போனா நாலு பேரு பாப்பாங்க இல்லண்ணே? எனுக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் கீது. அதுக்கப்பறம் கோட்டாக்கு வயசு தாண்டிடும். எவனும் எடுக்க மாட்டான். அக்காதான் தெனம் சொல்லிகினே கீது. அந்தக் கரியில கெடந்து சாவாதடா, ஒரு நல்ல வேலையப் புடிடான்னு,” என்றான்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. “இன்னொரு துண்டு போட்டுக்கோ,” என்றேன்.

போட்டுக்கொண்டான். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்த் தூங்கினான். ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. மூன்று ஆனது. என்னால் உட்கார முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பக்கத்து வீட்டில் எதற்கோ மிக்ஸி போட்டார்கள், அதற்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

ஐந்து அடித்ததும் சங்க ஆபீசுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டேன். அவன் எங்கள் ஆள். பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து அதை உயிர்ப்பித்தான். அது அவன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் அக்கா பேசி அனுப்பியிருந்ததைக் காதில் வைத்துக் கேட்டான். ஒன்று கேட்டான், இன்னொன்று கேட்டான். எழுந்து நின்றுவிட்டான்.

உடனே அந்தக் கோச்சுக்குப் போன் போட்டான். “சார்... சார் நான்தான் சார்... இல்ல சார், போன் சுச்சாஃப்ல இருந்திச்சி...” அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. “சரி சார்,” என்று மூன்று தடவை சொன்னான். “வேற ஆள எடுத்துட்டாங்களாம்,” என்றான்.

என்னைப் பார்த்தான். “அண்ணே, அக்கா இங்க வந்துச்சா?”

“இல்லையேபா, யாரும் வரல,” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழக்கதோஷம்.

“வந்துச்சுபா,” என்றாள் மனைவி, அடுப்படி வாசலில் நின்றபடி. “பதினோரு மணிக்கு வந்துச்சு. தண்ணி குடிச்சிட்டுப் போச்சு. இவருதான் நீ இல்லன்னு சொன்னாரு.”

அவன் என்னை அடித்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அடித்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், விதி அப்படி, எல்லா கிளப்பும் செய்கிறது, போன வருஷம் என்ன ஆனது தெரியுமா என்று. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். தலைவர் போன் போட்டு, “செம்ம வேலை நைனா!” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். எங்கள் ஆட்டக்காரன் என்று பதிந்தாகிவிட்டது, அந்த சீசனில் வேறு எங்கேயும் ஆட முடியாது. நேராக என்னிடம் வந்தான்.

“அக்கா அன்னிக்கு வூட்டுக்குப் போவலண்ணே. புழலுக்குப் போயிகிது. ஏரிக்கரைலேர்ந்து ஜெயிலு வரிக்கும் ஒவ்வொரு தெருவா, ஹாக்கி ஆடறவன இட்டாந்து வெச்சிகிறாங்களாமே, எந்த வூடு எந்த வூடுன்னு கேட்டுகினு நடந்துகிது. சாயங்காலம் வரிக்கும்.”

அவ்வளவுதான் சொன்னான். பிறகு ஷூ மாட்டப் போய்விட்டான். நான் சொன்னதை நம்பினாள், ஆனால் சும்மா வீட்டில் உட்காரவும் முடியவில்லை அவளுக்கு. நான் வாயில் வந்த ஊரைச் சொன்னேன். மாதவரம் என்று சொல்லியிருந்தால் மாதவரத்தில் நடந்திருப்பாள்.

ஆட்டம் தொடங்கும் முன்னால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் போனை என் பையில் போடுவது வழக்கம். நான்தான் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கும் வரிசையாக வந்து போட்டார்கள். அவன் என்னைத் தாண்டிப் போய், கேலரிப் படியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டு வந்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் வந்தாள். அவனைப் பற்றி என்ன சொல்ல? வலது ஓரம் ஆடு என்றால் ஆடினான். இடது ஓரம் என்றால் மட்டையைத் திருப்பிக்கொண்டு ஓடினான். நடுவில் நிறுத்தினால் கோல் அடித்தான். ஒரு ஆட்டத்தில் தடுக்கிறவன் விழுந்ததும் யாரும் சொல்லாமலே பின்னால் இறங்கினான். நான் கமிட்டியில் மூன்று கூட்டம் கத்தினேனே, அத்தனையும் சரி. ஒரு எழுத்து தப்பில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசி ஆட்டம் எழும்பூர் டர்ஃபில். ஜெயித்தோம், மேல் டிவிஷனுக்கு ஏறினோம். தலைவர் எனக்கு மாலை போட்டு, “எல்லாம் செக்ரெட்டரி மூளை,” என்று மைக் இல்லாமலே பத்து பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். பசங்கள் மேளத்துக்கு ஆடினார்கள். அவனுக்குக் கோட்டா வயது வரம்பு அதற்கு முந்தின வாரமே தாண்டிவிட்டிருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் போனை மடியில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள்.

மாலையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுக் கேலரி ஏறினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பேன். பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “உக்காருங்கண்ணே,” என்று கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

நான் உட்கார்ந்ததும், என் பக்கம் இருந்த கையிலிருந்து போனை எடுத்து, அந்தப் பக்கக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.